சதவீதமா, சராசரியா, பட்டியலா, ஒரே விமர்சகரா: படம் தேர்ந்தெடுக்க எதை நம்பலாம்?

92 சதவீதம் வாங்கிய படத்தில் பாதியிலேயே கொட்டாவி வருகிறது. 48 வாங்கிய படத்தை அடுத்த வாரமே திரும்பப் பார்க்கத் தோன்றுகிறது. அப்புறம் விமர்சகர்கள் எதற்கு என்று கேட்பவர்கள் நிறையப் பேர். கேள்வி நியாயமானதுதான். ஆனால் கோளாறு பெரும்பாலும் விமர்சகர்களிடம் இல்லை, அவர்கள் கருத்தை நமக்கு எண்ணாக மாற்றித் தரும் விதத்தில் இருக்கிறது. ஒரே நூறு விமர்சனங்களைச் சதவீதமாகச் சுருக்கினால் ஒரு படம் மேலே வரும், சராசரியாகச் சுருக்கினால் வேறொன்று மேலே வரும்.

தொழில்முறை விமர்சகர்களின் கருத்து நம்மிடம் நான்கு வழிகளில் வந்து சேர்கிறது: விமர்சனங்களைத் திரட்டும் இணையதளங்களில் ராட்டன் டொமேட்டோஸ் தரும் சதவீதம், மெட்டாகிரிட்டிக் தரும் சராசரி, விமர்சகர்களின் வாக்கெடுப்புப் பட்டியல்கள், பிறகு ஒரு தனி விமர்சகரின் எழுத்து. ஒப்பிடும்போது பார்வையாளர் மதிப்பெண்ணையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

## எதை வைத்து எடை போடுவது?

முதல் அளவுகோல், மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது: இந்த எண் எந்தக் கேள்விக்குப் பதில்? "படம் தேறுமா?", "எவ்வளவு நல்ல படம்?", "எனக்குப் பிடிக்குமா?" மூன்றும் வேறு வேறு கேள்விகள். ஒன்றுக்கான பதிலை இன்னொன்றுக்கானதாக எடுத்துக்கொள்ளும்போதுதான் ஏமாற்றம் வருகிறது.

இரண்டாவது, பரப்பு. இந்த வாரம் வந்த பெரிய படத்துக்கு எல்லா வழியும் வேலை செய்யும். 1950-களின் படம், வேற்றுமொழிப் படம், திரைப்பட விழாக்களில் மட்டும் ஓடிய சின்னப் படம் என்று போகும்போது எது தாக்குப்பிடிக்கிறது என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது, நேரமும் கதை முன்கூட்டியே உடையும் ஆபத்தும். நான்காவது, வெளியே தெரியாத செலவு: அந்த எண்ணை யாராவது வளைக்க முடியுமா, அது நம் ரசனையை மெல்ல எங்கே கொண்டுபோய் நிறுத்தும்?

## சதவீதம்: ராட்டன் டொமேட்டோஸ்

1998-ல் தொடங்கிய தளம். ஒவ்வொரு விமர்சனத்தையும் "பிடித்தது", "பிடிக்கவில்லை" என்று இரண்டு கூடைகளில் போட்டு, பிடித்தவை எத்தனை சதவீதம் என்று சொல்கிறது. 60-ஐத் தொட்டால் படம் "ஃப்ரெஷ்", அதாவது தேறியது. மேலே இருக்கும் "சர்ட்டிஃபைட் ஃப்ரெஷ்" முத்திரைக்கு 75-உம் குறிப்பிட்ட எண்ணிக்கையில் விமர்சனங்களும் வேண்டும்.

அதாவது 95 என்றால் நூற்றுக்கு 95 மதிப்பெண் என்று பொருள் இல்லை. நூறு பேரில் தொண்ணூற்றைந்து பேர் "பரவாயில்லை, பார்க்கலாம்" என்ற கோட்டையாவது தாண்டினார்கள், அவ்வளவுதான். யாரையும் உறுத்தாத, சுமாராக நன்றாக எடுத்த படத்துக்கு இந்த முறை அள்ளிக்கொடுக்கும். துணிந்து எதையோ முயன்று பாதிப் பேரைக் கிறங்கடித்து மீதிப் பேரை எரிச்சலூட்டிய படம் 50-ல் நிற்கும்.

பழைய படங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. அவற்றுக்கு அங்கே இருக்கும் விமர்சனங்களில் பெரும்பகுதி படம் வந்தபோது எழுதியவை அல்ல. பல வருடம் கழித்து, அது ஏற்கெனவே "கிளாசிக்" ஆன பிறகு எழுதியவை. 1982-ல் வெளியான 'தி திங்' அப்போது விமர்சகர்களிடம் நன்றாகவே வாங்கிக் கட்டிக்கொண்டது. இன்று அதன் சதவீதம் 80-க்கு மேல். அந்த எண் 1982-ஐப் பற்றி எதுவும் சொல்லவில்லை, பின்னால் வந்தவர்கள் மனம் மாறியதைச் சொல்கிறது. எதிர்த்திசையிலும் இது நடக்கும். 2021-ல் 'சிட்டிசன் கேன்' படத்துக்கு 1941-ல் ஒரு சிகாகோ நாளிதழில் வந்த மந்தமான விமர்சனத்தைத் தேடியெடுத்துச் சேர்த்தார்கள். நூறு, 99 ஆகிவிட்டது. அது செய்தியாகவும் ஓடியது. படத்தில் ஒரு ஃபிரேம்கூட மாறவில்லை!

வேற்றுமொழிப் படங்களுக்கு வரும் எண்களையும் கொஞ்சம் தள்ளியே பிடிக்க வேண்டும். அங்கே சேரும் விமர்சனங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. ஒரு படம் சொந்த எல்லையைத் தாண்டி ஆங்கில விமர்சகர் கண்ணில் படுவதற்குள் விழாத் தேர்வு, விநியோகஸ்தர் தேர்வு என்று பல சல்லடைகளைக் கடந்திருக்கும். சலித்து மிஞ்சியதற்குத்தான் மதிப்பெண். அதனால்தான் பிற மொழிப் படங்கள் எல்லாமே 90-க்கு மேல் இருப்பது போல ஒரு தோற்றம் கிடைக்கிறது.

வளைக்க முடியுமா? ஓரளவு முடியும். தளத்தின் பட்டியலில் இருக்கும் சின்ன விமர்சகர்களுக்கு ஒரு விளம்பர நிறுவனம் பணம் கொடுத்து நல்ல விமர்சனம் வாங்க முயன்றது 2023-ல் பத்திரிகைச் செய்தியாக வந்தது. சில நூறு விமர்சனம் வரும் பெரிய படத்தில் இது எடுபடாது. இருபது முப்பது மட்டுமே வரும் சின்னப் படத்தில் நாலைந்து கூடினாலே நிறம் மாறிவிடும். ஆகவே சதவீதத்தின் பக்கத்தில் இருக்கும் எண்ணிக்கையைப் பார்க்காமல் நகராதீர்கள்.

எங்கே இது உண்மையிலேயே கெட்டி? கழித்துவிடுவதில். இருநூறு விமர்சகர்கள் பார்த்து 12 சதவீதம் என்று வந்தால் அந்தப் படத்தை விட்டுவிடலாம். குழுவாகப் போகும்போதும் இதுதான் கைகொடுக்கும், ஏனென்றால் அங்கே தேவை யாருக்கும் பெரிதாகப் பிடிக்காமல் போகாத படம்.

## சராசரி: மெட்டாகிரிட்டிக்

2001-ல் வந்தது. எல்லா விமர்சனங்களையும் நூற்றுக்கான மதிப்பெண்ணாக மாற்றி, சிலருக்கு எடை கூட்டி, சராசரி எடுக்கிறார்கள். 61 முதல் பச்சை, 40 முதல் 60 வரை மஞ்சள், அதற்குக் கீழே சிவப்பு. எண் காட்ட நான்கு விமர்சனமாவது வேண்டும்.

வித்தியாசம் ஒரு சின்னக் கணக்கில் பளிச்சென்று தெரியும். பத்து விமர்சகர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் படத்துக்குப் பத்துப் பேரும் பத்துக்கு ஆறு கொடுக்கிறார்கள். இரண்டாவது படத்துக்கு ஆறு பேர் பத்துக்குப் பத்து, நான்கு பேர் வெறும் நான்கு. சதவீதத்தில் முதல் படம் 100, இரண்டாவது 60. சாதாரணச் சராசரியில் முதல் படம் 60, இரண்டாவது 76. வரிசையே தலைகீழ். "எது பாதுகாப்பு?" என்று கேட்பவருக்கு முதல் கணக்கு, "எது மறக்க முடியாததாக இருக்க வாய்ப்பு?" என்று கேட்பவருக்கு இரண்டாவது.

குறைகள்: யாருக்கு எவ்வளவு எடை என்பதைத் தளம் வெளியே சொல்வதில்லை. மதிப்பெண்ணே போடாமல் எழுதும் விமர்சகர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் எழுத்தைப் படித்துத் தளத்தின் ஆசிரியர் குழுவே ஓர் எண்ணைக் கொடுத்துவிடும். தயங்கித் தயங்கி எழுதிய ஆயிரம் சொற்கள் "70" ஆகிவிடுவதை அந்த விமர்சகரே ஒப்புக்கொள்வாரா என்பது சந்தேகம்.

ஆனாலும் இரண்டில் ஒன்றைத்தான் திறக்கலாம் என்றால் நான் இதைத்தான் திறப்பேன், அதுவும் மேலே இருக்கும் எண்ணுக்காக இல்லை. கீழே விமர்சனங்களை மதிப்பெண் வரிசையில் அடுக்கியிருப்பார்கள், அதற்காக. 65 வாங்கிய படத்தில் எல்லோரும் 60-க்கும் 70-க்கும் நடுவே நின்றால் அது ஒரு சுமார் படம். 100-உம் இருக்கிறது, 20-உம் இருக்கிறது என்றால் அங்கே ஏதோ நடந்திருக்கிறது. உச்சியில் இருப்பதில் ஒன்று, அடியில் இருப்பதில் ஒன்று, இரண்டின் மேற்கோள் வரிகளையும் படித்தால் போதும். திட்டுபவர் சொல்லும் காரணம் உங்களைத் துளிகூடத் தொந்தரவு செய்யவில்லையென்றால் தாராளமாகப் பார்க்கலாம். "ரொம்ப மெதுவாகப் போகிறது" என்ற திட்டு சிலருக்கு அழைப்பிதழ்.

## வாக்கெடுப்பும் விழாக் கட்டங்களும்

பிரிட்டனின் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் 1952 முதல் பத்து வருடத்துக்கு ஒரு முறை விமர்சகர்களிடம் கேட்டு ஒரு பட்டியல் போடுகிறது. முதல் தடவை 'பைசைக்கிள் தீவ்ஸ்' முதலிடம். 1962 முதல் 2002 வரை ஒவ்வொரு தடவையும் 'சிட்டிசன் கேன்'. 2012-ல் 'வெர்டிகோ'. 2022-ல் இயக்குநர் ஷாந்தால் ஆக்கர்மனின் 'ழான் டீல்மன்', 1975-ல் வந்த, மூன்றே கால் மணி நேரத்துக்கு மேல் ஓடும் படம். சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' அதே பட்டியலில் 35-ஆம் இடத்தைப் பிடித்தது.

இதைப் பார்த்துவிட்டு "உலகின் மிகச் சிறந்த படம் இதுதானாமே" என்று உட்கார்ந்து நொந்துபோனவர்கள் உண்டு. எண்ணும் முறை தெரிந்தால் நோக வேண்டியதில்லை. ஒவ்வொருவரும் பத்துப் படம் எழுதுகிறார்கள். அந்தப் பத்துக்குள் வரிசை கிடையாது, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கு. முதலிடம் என்றால் அதிகம் பேரின் பத்துக்குள் இடம் பிடித்தது என்றுதான் அர்த்தம். யாருமே அதைத் தங்கள் முதல் படமாக நினைக்காமலும் இருந்திருக்கலாம். யாரைக் கேட்கிறார்கள் என்பதும் மாறியது: 2012-ல் 846 பேர், 2022-ல் 1,600-க்கு மேல். கேட்ட ஆட்கள் மாறினால் பட்டியலும் மாறத்தானே செய்யும். அதே வருடம் இயக்குநர்களிடம் தனியாகக் கேட்டபோது '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' முதலில் வந்தது.

பரப்பு என்ற அளவுகோலில் இதற்கு ஈடு எதுவும் இல்லை. மௌனப் படங்கள் முதல் எல்லாக் கண்டங்களும் உள்ளே வருகின்றன. மறைமுகச் செலவு, பார்ப்பது வீட்டுப்பாடம் ஆகிவிடுவது. நூறு படத்தையும் வரிசையாக டிக் அடிக்கத் தொடங்கியவர்கள் பாதியிலேயே சினிமா மேலேயே சலிப்படைந்துவிடுவார்கள்.

இதைப் பயன்படுத்த ஒரு நல்ல வழி இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. மொத்தப் பட்டியலை விட்டுவிட்டு, தனித்தனி வாக்குச்சீட்டுகளைப் பாருங்கள். வாக்களித்தவர்கள் எழுதிக்கொடுத்த பத்தும் பொதுவில் கிடைக்கின்றன. உங்களுக்கு உயிரான, அவ்வளவாகப் பேசப்படாத ஒரு படத்தை எடுத்துக்கொண்டு, அதற்கு யார் வாக்களித்தார்கள் என்று தேடுங்கள். அந்த நபரின் மீதி ஒன்பது படங்கள்தான் உங்கள் அடுத்த பட்டியல். முதல் நூறைவிட இது பல மடங்கு பயன் தரும்.

விழா நேரத்தில் வரும் விமர்சகர் கட்டங்களும் இதே குடும்பம்தான். பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் 'ஸ்க்ரீன் இன்டர்நேஷனல்' நாளிதழ் சில விமர்சகர்களின் மதிப்பெண்ணை நான்குக்கு எவ்வளவு என்று கட்டம் போட்டு வெளியிடும். 2016-ல் 'டோனி எர்ட்மன்' 3.7 வாங்கியது, 2018-ல் கொரியப் படம் 'பர்னிங்' 3.8 வாங்கியது. இரண்டுக்குமே போட்டி நடுவர் குழு எந்தப் பரிசும் தரவில்லை. விருதுப் பட்டியலையும் விமர்சகர் கருத்தையும் ஒன்று என்று நினைப்பவர்களுக்கு இந்த இரண்டு படங்கள் போதும்.

## ஒரே விமர்சகர்

என் கட்சி இதுதான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "எனக்குப் பிடிக்குமா?" என்ற கேள்விக்கு அருகில் வரும் ஒரே வழி இது. ஏன் என்றால், கூட்டத்தின் ரசனையை நீங்கள் கற்றுக்கொள்ள முடியாது, ஒவ்வொரு படத்துக்கும் கூட்டம் மாறுகிறது. ஒரு மனிதரின் ரசனையைக் கற்றுக்கொள்ளலாம்.

அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1967 முதல் 2013-ல் இறக்கும்வரை எழுதினார். 1975-ல் விமர்சனத்துக்கான புலிட்சர் பரிசு வாங்கினார், திரைப்பட விமர்சகர் ஒருவருக்கு அது முதல் தடவை. நான்கு நட்சத்திரத்துக்கு 'ஃபைட் கிளப்'புக்கு இரண்டு, 'கிளாடியேட்டரு'க்கு இரண்டு, 'தி யூஷுவல் சஸ்பெக்ட்ஸு'க்கு ஒன்றரை, 'ப்ளூ வெல்வெட்டு'க்கு ஒன்று கொடுத்தவர். இந்தப் படங்களை நேசிப்பவர்களுக்கு ரத்தம் கொதிக்கும். ஆனால் ஏன் குறைத்தார் என்று தெளிவாக எழுதிவைத்திருக்கிறார். நாலைந்து விமர்சனம் படித்தால் அவருக்கு எது ஒத்துவராது என்று பிடிபட்டுவிடும். 'ப்ளூ வெல்வெட்' விஷயத்தில், நடிகையை அந்த அளவுக்கு அவமானத்துக்கு உள்ளாக்கும் படம் அதற்கு ஈடான எதையும் தரவில்லை என்பதே அவர் கோபம். அதே காட்சிகள் உங்களுக்கு வேறு விதமாகப் படுமென்றால், அந்த ஒற்றை நட்சத்திரத்தைத் தள்ளிவைத்துவிட்டு விமர்சனத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

நட்சத்திரம் அந்தந்த வகைப் படத்துக்குள் ஒப்பிட்டுப் போடுவது என்றும் அவரே எழுதியிருக்கிறார். சூப்பர்ஹீரோ படத்தை மற்ற சூப்பர்ஹீரோ படங்களோடுதான் நிறுத்துப் பார்ப்பார். இது தெரியாமல், இதற்கு மூன்றா, அதற்கும் மூன்றா என்று சண்டை போடுவதில் பயனில்லை.

ஒத்துப்போகும் விமர்சகர்தான் வேண்டும் என்பதும் இல்லை. 'நியூயார்க்கர்' இதழில் 1991 வரை எழுதிய பாலின் கேல், கனமும் பிரமாண்டமும் காட்டும் படங்களைச் சந்தேகத்தோடே பார்ப்பார். '2001'-ஐ அவருக்குப் பிடிக்கவே இல்லை. உங்களுக்கு அந்த மாதிரி நிதானமான, பெரிய படங்கள்தான் பிடிக்கும் என்றால், கேல் திட்டியவற்றிலேயே நல்ல பட்டியல் ஒன்று தேறும். தன் நிலையில் மாறாமல் நிற்கும் எதிரணி விமர்சகர், எப்போதாவது ஒத்துப்போகிறவரைவிட உதவியானவர்.

எப்படித் தேர்வது? உங்களுக்கு நன்றாகத் தெரிந்த படங்கள் சிலவற்றை எடுங்கள். ஊரே கொண்டாடி உங்களுக்குப் பிடிக்காமல் போன படம் ஒன்று, ஊரே ஒதுக்கி உங்களுக்குப் பிடித்த படம் ஒன்று, இரண்டும் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். அந்தப் படங்களுக்கு அவர் எழுதியதைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி: படத்தைப் பார்க்காமல் இதை மட்டும் படித்திருந்தால், எனக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்று சரியாக ஊகித்திருப்பேனா? ஆமாம் என்றால் ஆள் கிடைத்துவிட்டார். அவர் முடிவும் உங்கள் முடிவும் ஒன்றா என்பது பொருட்டே இல்லை.

செலவுகளும் இருக்கின்றன. நேரம் பிடிக்கும். நல்ல விமர்சனம் கதையைத் தொடாமல் எழுதுவது கடினம், ஆகவே பார்ப்பதற்கு முன் முதல் இரண்டு பத்தியும் கடைசிப் பத்தியும் மட்டும், மீதி பார்த்த பிறகு என்று வைத்துக்கொள்வது நல்லது. விமர்சகர் ஓய்வு பெறுவார், பத்திரிகை அவரை நீக்கிவிடும், கட்டணச் சுவருக்குப் பின்னால் போய்விடுவார். வருடத்துக்கு நூற்றுக்கணக்கில் படம் பார்ப்பவருக்கு வழக்கமான கதை சீக்கிரம் அலுத்துவிடும், கொஞ்சம் புதுசாக எதைக் கண்டாலும் கண் விரியும். மாதம் இரண்டு படம் பார்ப்பவருக்கு அந்த அலுப்பும் இல்லை, அந்த வியப்பும் அவசியமில்லை. இந்தத் தள்ளுபடியைப் போட்டுத்தான் எந்த விமர்சகரையும் படிக்க வேண்டும்.

விமர்சனம் முதல் நாள் தீர்ப்பு என்பதும் நினைவில் இருக்கட்டும். 1967-ல் 'பானி அண்ட் கிளைட்' வந்தபோது 'நியூஸ்வீக்' விமர்சகர் ஜோ மார்கன்ஸ்டர்ன் அதைச் சாடினார். பிறகு அரங்கில் கூட்டத்தோடு இன்னொரு முறை பார்த்துவிட்டு, அடுத்த வாரமே அதே இதழில் தன் விமர்சனத்தைத் திரும்பப் பெற்று எழுதினார். எல்லோருக்கும் அந்த இரண்டாவது வாரம் கிடைப்பதில்லை. 1982-ல் 'பிளேடு ரன்னரு'க்கு மூன்று நட்சத்திரம் போட்ட ஈபர்ட், அதைத் தன் 'மகத்தான படங்கள்' வரிசையில் சேர்த்தது 2007-ல்.

## பார்வையாளர் மதிப்பெண், சுருக்கமாக

ஐஎம்டிபி, லெட்டர்பாக்ஸ்ட் என்ற இணையதளங்கள், சினிமாஸ்கோர் என்ற கருத்துக்கணிப்பு, மூன்றையும் ஒரே மூட்டையில் கட்ட வேண்டாம். ஐஎம்டிபியில் விரும்பி வந்து வாக்களிப்பவர்கள்தான் அதிகம், அதனால் ரசிகர் படையும் எதிர்ப்படையும் தெரியும். லெட்டர்பாக்ஸ்டில் வருபவர்கள் படம் பார்ப்பதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்கள், விமர்சகர் ரசனைக்குச் சற்று அருகில் இருப்பார்கள். சினிமாஸ்கோர் முதல் நாள் அரங்கை விட்டு வருபவர்களிடம் கேட்டுப் பள்ளிக்கூட கிரேடு போடுவது. எதிர்பார்த்து வந்தது கிடைத்ததா என்பதை அது அளக்கிறது. 2018-ன் 'ஹெரெடிட்டரி' விமர்சகர்களிடம் அமோகமாக வாங்கிய பேய்ப்படம், சினிமாஸ்கோரில் வெறும் டி பிளஸ். வழக்கமான பயமுறுத்தலை நம்பி வந்தவர்களுக்குக் கிடைத்தது ஒரு குடும்பத்தின் துக்கம்.

விமர்சகர்களும் பார்வையாளர்களும் வெகுதூரம் பிரிந்து நின்றால் அது ஒரு தகவல். ஆனால் 2019-ல் ராட்டன் டொமேட்டோஸ் படம் வெளிவரும் முன்பே கருத்துப் போடும் வசதியை நிறுத்தியதற்குக் காரணம், படத்தைப் பார்க்காமலே கூட்டமாக வந்து திட்டியவர்கள். பிளவு எதனால் என்று பார்க்காமல் பிளவை நம்ப வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| | எந்தக் கேள்விக்குப் பதில் | பரப்பு | ஆகும் நேரம் | மறைமுகச் செலவு |
|---|---|---|---|---|
| சதவீதம் | படம் தேறுமா? | புதிய படங்களில் நல்லது. பழையதில் பின்புத்தி கலந்தது | சில நொடி | துணிச்சலான படங்கள் கைநழுவும் |
| சராசரி | எவ்வளவு நல்ல படம்? | சின்னப் படங்களில் விமர்சனம் குறைவு | சில நிமிடம் | எடை ரகசியம். எழுத்து எண்ணாகிறது |
| வாக்கெடுப்பு | வரலாற்றில் எது நிற்கிறது? | மிக அகலம் | ஒரு மாலை | வீட்டுப்பாட மனநிலை |
| ஒரே விமர்சகர் | எனக்குப் பிடிக்குமா? | அவர் எழுதிய அளவு | தொடக்கத்தில் நிறைய | கதை உடையலாம். அவர் எழுதுவதை நிறுத்தலாம் |
| பார்வையாளர் | எதிர்பார்த்தது கிடைத்ததா? | புகழ் பெற்ற படங்கள் | சில நொடி | படையெடுப்பு |

## யாருக்கு எது?

இன்று இரவு நாலு பேர் சேர்ந்து பார்க்க வேண்டும், பத்து நிமிடத்தில் முடிவு வேண்டும்: சதவீதம். 80-க்கு மேல், நூறு விமர்சனத்துக்கு மேல் என்று பார்த்தால் பெரிய விபத்து நடக்காது. உலகையே புரட்டும் படம் கிடைக்கும் என்றும் எதிர்பார்க்காதீர்கள்.

தனியாக, கொஞ்சம் ஆபத்தை ஏற்கத் தயாராக இருக்கிறீர்கள்: மெட்டாகிரிட்டிக்கில் மஞ்சள் வாங்கி, உள்ளே ஒன்றிரண்டு 100 இருக்கும் படங்கள். இந்த ஒரு மூலையில்தான் எனக்கு அதிகம் பிடித்த படங்கள் அகப்பட்டிருக்கின்றன.

ஒரு நாட்டின் சினிமாவையோ ஒரு காலகட்டத்தையோ புதிதாகத் தொடங்குகிறீர்கள்: வாக்கெடுப்பின் தனிச்சீட்டுகள். அப்புறம் அந்த மொழியிலேயே எழுதும் விமர்சகர் ஒருவரின் மொழிபெயர்ப்பு கிடைத்தால் விடாதீர்கள், வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் புதுமையாகத் தெரிவது உள்ளூர்க்காரருக்குப் பழங்கதையாக இருக்கலாம்.

பேய்ப்படம், நகைச்சுவை இரண்டுக்கும் எந்தக் கூட்டு எண்ணையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சிரிப்பும் பயமும் ஆளுக்கு ஆள் மாறுகிற அளவுக்கு வேறெதுவும் மாறுவதில்லை. அந்த வகைக்கென்றே எழுதும் ஒருவரைத் தேடிக்கொள்வது மேல்.

படம் நாளை வெளியாகிறது, இன்றுவரை ஒரு விமர்சனமும் இல்லை என்றால், பெரும்பாலும் தயாரிப்புத் தரப்பு விமர்சகர்களுக்கு முன்கூட்டியே காட்டவில்லை, அல்லது இன்ன நேரம்வரை எழுதக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டிருக்கிறது. திருப்பம் நிறைந்த கதைக்காகவும் அப்படிச் செய்வார்கள், படம் தேறாது என்று தெரிந்தும் செய்வார்கள். வெளியிலிருந்து பிரித்தறிய முடியாது. முதல் காட்சிக்குத்தான் போயாக வேண்டும் என்றில்லாவிட்டால் இரண்டு நாள் பொறுங்கள். போயே தீர வேண்டுமென்றால், அந்த இயக்குநரின் முந்தைய படத்துக்கு உங்கள் விமர்சகர் என்ன எழுதினார் என்று தேடிப் படித்துவிட்டுப் போங்கள்.